குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற பவளம்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்வது வெளிச்சத்தை அளப்பதுதான். துக்கம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். எங்கள் ‘அலைமனை’ நிறுவனத்தில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருப்பார்கள், நான் வெளிச்சமானியை மேசைமேல் வைத்துவிட்டு எண் நிற்கிறவரை காத்திருப்பேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. முந்நூறு வீடு தாண்டியபின் அழுகை எனக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஓடினாலும் தெரியாது, நின்றாலும் தெரியாது.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கடல் அமிலமேறிப் புளித்துப்போய், சிப்பியால் ஓடு கட்ட முடியாமல் போய், கடைசிப் பவளப் பாறையும் கரைந்த பிறகு, தூத்துக்குடிக் கரை முழுக்க வேலி போட்டுவிட்டார்கள். அஸ்தி கரைக்கவும் யாரும் உள்ளே போகக் கூடாது. அப்போது ஒரு புத்திசாலிக்கு யோசனை வந்தது. எலும்புச் சாம்பலில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. பவளம் தன் கூட்டைக் கட்டுவதும் அதே சத்தை வைத்துத்தான். சாம்பலை ஆய்வகத்தில் கரைத்து, பவளத்துக்கு ஆகாத பாஸ்பேட்டைப் பிரித்து வீசிவிட்டு, மிச்சத்தைத் தெளிந்த நீராகப் பன்னிரண்டு குப்பிகளில் அடைத்துத் தருவோம். மாதம் ஒரு குப்பி. தினமும் காலையில் பத்து மில்லி தொட்டிக்குள் விட வேண்டும். வருடக் கடைசியில், இறந்துபோனவர் கூடத்தில் பவளமாக நிற்பார். விளம்பரத்தில் இதையே கொஞ்சம் கௌரவமாகச் சொல்வார்கள்.

சங்கடம் வெளிச்சம்தான். தையிலிருந்து ஐப்பசி வரை ஜன்னல்களை வெயில்தகடு போட்டு அடைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. வீட்டு மின்சாரத்துக்கும் வரம்பு இருக்கிறது. அதில் தொட்டி விளக்குக்குக் கிடைப்பது பன்னிரண்டு வாட். இந்த இருட்டில் எந்தப் பவளம் பிழைக்கும், எது சாகும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் பெயர் சகாயராஜ். அட்டையில் ‘பவளத் தேர்வு ஆலோசகர்’ என்று போட்டிருக்கும்.

பேச்சிமுத்து அண்ணாச்சி வீட்டுக்கு நான் முதலில் போனது போன வைகாசியில். முத்தையாபுரம் பக்கம், உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் இரண்டாவது மாடி. அவர் முப்பத்தைந்து வருடம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். மனைவி தங்கபுஷ்பம். ஒரே மகள் யாழிசை, இருபத்தோரு வயது. சித்திரையில் வெப்ப அலை அடித்த வாரத்தில் ஒன்பது மணி நேரம் மின்சாரம் போன ஒரு பகலில், தகடு அடைத்த இந்த வீட்டுக்குள்ளேயே இறந்துபோனாள். அண்ணாச்சி அன்று உப்பள வேலையில் இருந்தார். தங்கபுஷ்பம் அக்கா கோவில்பட்டியில் தங்கை வீட்டு வளைகாப்பில் இருந்தார். இவ்வளவும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

வெளிச்சமானியில் முப்பது காட்டியது. படப் புத்தகத்தை விரித்து வைத்தேன். அக்கா மான்கொம்புப் பவளத்தின் படத்தில் விரலை வைத்தார். எல்லாரும் அதில்தான் கை வைப்பார்கள். உயரமாக, கிளை விட்டு, பார்க்க ஆள் நிற்கிற மாதிரி இருக்கும்.

“அதுக்கு முந்நூறு வெளிச்சம் வேணும் அக்கா. உங்க வீட்டுல முப்பதுதான் இருக்கு. ஒரு மாசத்துல வெளுத்துப் போயிரும்” என்றேன்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

“அப்ப எது தம்பி நல்லா வரும்?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“காளான் பவளம். தொட்டியோட அடியில, கல்லு மேல வச்சிருவோம். நிழல்தான் அதுக்குப் பிடிக்கும். வெளிச்சம் கூடினாத்தான் சுருங்கும். நீரோட்டம் மெதுவா இருந்தா போதும், தனியா தீனி வேண்டாம். ரெண்டு நாள் நீங்க ஊருக்குப் போனாலும் ஒண்ணும் ஆகாது. அதுவா குட்டி போட்டுப் பெருகும்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. உள்ளங்கை அகலத்தில், நீலமும் பச்சையுமாக, வட்டமாக விரியும் அழகான உயிர் அது. நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. காளான் பவளத்துக்கு எலும்பு கிடையாது. அது வெறும் சதை. கூடு கட்டாது, சுண்ணாம்பும் அதற்கு வேண்டாம். நாம் ஊற்றுகிற குப்பியை அது தொடக்கூட தொடாது. எங்கள் நிறுவனத்தில் இது எல்லாருக்கும் தெரியும். கேட்டால் பொய் சொல்லாதே, கேட்காவிட்டால் சொல்லாதே என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். காளான் சாகாது, சாகாவிட்டால் புகார் வராது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் வைத்திருக்கிறேன். அதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

வாரம் ஒருமுறை தொட்டியில் இரண்டு வாளி தண்ணீரை எடுத்துக் கொட்டிவிட்டு, உப்புப் பொடி கலந்த புதுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினோரு மாதம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். “தொட்டில ஒண்ணும் கோளாறு இல்ல தம்பி. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. மறுநாள் பகலில் போனேன்.

கூடத்தில் தொட்டி நன்றாகவே இருந்தது. ஒன்றாக வைத்த காளான் பதினேழாக ஆகியிருந்தது. அக்கா அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “வாங்க தம்பி. யாழி எப்பிடி விரிஞ்சிருக்கா பாத்தீயளா?” என்றார். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. கோவில்பட்டித் தங்கைக்கு ஒரு குட்டி, அண்ணன் வீட்டுக்கு ஒரு குட்டி, கல்லூரித் தோழி ஒருத்திக்கு ஒரு குட்டி என்று கொடுத்திருப்பதாகச் சொன்னார். “எல்லா வீட்டுலயும் இருக்கட்டும்” என்றார். நான் தலையாட்டினேன். அந்த வீட்டில் அடுப்பு பற்றவைத்த வாசனை இல்லை. உணவகப் பொட்டலங்கள் கதவோரம் பையில் கட்டிக் கிடந்தன.

அண்ணாச்சி என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே கறுப்புத் தார்ப்பாயை மடித்துத் தட்டுத் தட்டாகப் பாத்தி கட்டியிருந்தார். ஒரு சிறிய உப்பளம். தட்டுகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

“என்ன அண்ணாச்சி இது?”

“நீங்க கொட்டச் சொன்ன தண்ணி.”

“கொட்டலையா?”

“உப்புத் தண்ணிய எவனாவது சாக்கடையில ஊத்துவானா? எனக்குக் கை வராது தம்பி. அதான் மேல கொண்டாந்து காய வச்சேன். சும்மாதான். வேலைக்கும் இப்ப போறதில்ல.” அவர் ஒரு தட்டின் ஓரத்தைச் சுரண்டி விரலில் எடுத்துக் காட்டினார். “தண்ணி வத்துறப்ப மொதல்ல சுண்ணாம்பு இறங்கும். பிறகு ஜிப்சம். அதுக்கப்புறம்தான் உப்பு. முப்பத்தஞ்சு வருசம் பாத்திருக்கேன். இதுல சுண்ணாம்பு ரொம்பக் கூடுதலா இறங்குது.”

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும், “நாம போடுற உப்புப் பொடியிலயே சுண்ணாம்பு உண்டு அண்ணாச்சி” என்றேன்.

“அதுவும் பாத்தாச்சு. புதுத் தண்ணி ஒரு வாளிய இந்தத் தட்டுல காய வச்சேன். தொட்டித் தண்ணி ஒரு வாளிய அந்தத் தட்டுல. ரெண்டும் ஒரே வெயிலு. அந்தத் தட்டுலதான் மூணு மடங்கு. பவளம் எடுத்திருந்தா குறையணும், கூடக் கூடாது. அப்ப நான் தினம் காலையில ஊத்துனது எங்க போகுது?”

நான் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“வாளிக்குள்ளதான் போகுது” என்று அவரே சொன்னார். “அது எதையும் எடுக்கல. எடுக்குமா எடுக்காதா, தம்பி?”

கேட்டுவிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் முதல் ஆள்.

“எடுக்காது அண்ணாச்சி. அதுக்கு எலும்பு கிடையாது.”

“மொதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கைப்பிடிச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, காய்ந்த பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தூரத்தில் வேலியும், வேலிக்கு அப்பால் கடலும் தெரிந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று ஒன்று இன்னும் எனக்குள் மிச்சமிருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

“இந்தத் தண்ணிய நான் காய வைக்கிறதுக்கு முன்னால, மொத மூணு மாசம் புஷ்பமே வாளியத் தூக்கிட்டுப் போயி குளியலறையில கொட்டிட்டு இருந்தா” என்றார். “அவளுக்குத் தெரியாது.”

“சொல்ல வேண்டாம் அண்ணாச்சி.”

“உங்ககிட்ட யோசனை கேக்கல.”

தகர டப்பா ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். சுரண்டி எடுத்த வெள்ளைப் பொடி முக்கால் டப்பா இருந்தது. “இது போக ஒரு குப்பி பாக்கி இருக்கு. பன்னெண்டாவது. அத இன்னும் திறக்கல. இப்பமாவது நெசத்தச் சொல்லுங்க. இந்த இருட்டுல எலும்பு கட்டுற பவளம் ஒண்ணாவது இருக்கா, இல்லையா?”

அந்தக் கேள்விக்கு நான் படித்த படிப்பை எல்லாம் திரட்டி யோசித்தேன். இத்தனை வருடத்தில் ஒரு வீட்டுக்காக அப்படி யோசித்தது அதுதான் முதல் தடவை. மூளைப் பவளம் குறைந்த வெளிச்சத்தில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் முப்பதில் வளர்ச்சி நின்றுவிடும், வளராவிட்டால் குப்பியை எடுக்காது. குமிழ்ப் பவளமும் அப்படித்தான். பொத்தான் பவளம், தோல் பவளம் இரண்டும் வெறும் சதை. மிஞ்சியது ஒன்று.

“சூரியப் பவளம் இருக்கு அண்ணாச்சி. பேருதான் அப்படி. அதுக்கு வெளிச்சமே வேண்டாம், குகைக்குள்ள வளர்றது. நல்ல கெட்டியான கூடு கட்டும். ஆனா மத்தது மாதிரி வெளிச்சத்துல சாப்பாடு செஞ்சுக்கத் தெரியாது. நாமதான் ஊட்டணும்.”

“எப்பிடி?”

“ஒரு கொத்துல முப்பது நாப்பது வாய் இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியா, சின்னச் சின்ன இறால் துண்டா. தினமும்.”

“கொண்டாங்க” என்றார்.

கிடங்கில் ஒரே ஒரு கொத்து இருந்தது, யாரும் கேட்காததால். மூன்றாம் நாள் அதைத் தண்ணீர்ப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுபடி போனேன். நான் வருவதற்குள் அண்ணாச்சி மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். எப்படிச் சொன்னார், அக்கா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கும்போது அக்கா அதே நாற்காலியில், தொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். “உக்காருங்க தம்பி” என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில், ஒரு கைப்பிடி அளவு. வாய்கள் எல்லாம் மூடியிருந்தன. இறால் சாற்றை ஒரு சொட்டு விட்டதும் ஒவ்வொன்றாகத் திறந்து மஞ்சள் இதழ் விரித்தன. அண்ணாச்சி குனிந்து பார்த்து எண்ணினார். முப்பத்தாறு.

“இது எலும்பு கட்டுமா?” என்று அக்கா கேட்டார்.

“கட்டும் அக்கா. கடைசிக் குப்பிய எடுத்துக்கும். அளந்தே காட்டுதேன்.”

“இது சாகுமா?”

இந்தத் தடவை எதையும் மறைக்கக் கூடாது என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். “ரெண்டு நாள் ஊட்டலைன்னா சுருங்கும். பத்து நாள் ஆச்சுன்னா செத்துப்போகும். நீங்களோ அண்ணாச்சியோ காய்ச்சல்ல படுத்தா, மின்சாரம் ரொம்ப நேரம் போயி தண்ணி சூடேறினா, அப்பவும் போயிரும்.”

அவர் அந்த முப்பத்தாறு வாய்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மூடியைத் தானே எடுத்து மூடினார்.

“எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. மறுபடி ஒரு தடவை சாகக்கூடியது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்.”

“புஷ்பம்” என்றார் அண்ணாச்சி. “ஒரு குப்பிதான் இருக்கு. அதையும் வாளியில ஊத்தச் சொல்லுதியா?”

“நான் அப்பிடிச் சொல்லல.”

நான் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். இந்த வேலையில் இன்னும் எத்தனை வருடம் இருப்பேன் என்று ஒரு யோசனை ஓடியது. அடுத்த வீடு மீளவிட்டானில், மாலை நான்கு மணிக்கு.

“தம்பி, ஒண்ணு கேக்கேன்” என்றார் அக்கா. “இந்தக் குப்பித் தண்ணிய பவளம் மட்டும்தான் எடுத்துக்குமா?”

“இல்லக்கா. கூடு கட்டுற எதுவும் எடுத்துக்கும். சிப்பி, சங்கு, நத்தை…”

“ஆடு, மாடு?”

“அதுக்கும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்துதான வேணும்? எடுத்துக்கும்.”

“நமக்கு?”

எனக்குக் கேள்வி புரிய ஒரு நிமிடம் ஆனது. அண்ணாச்சிக்கு முதலிலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

அக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். “எலும்பு தேயுதுன்னு டாக்டர் குடுத்தாரு. ரெண்டு வருசமா தின்னுட்டு இருக்கேன். இதுல என்ன எழுதியிருக்கு?”

படித்தேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று.

“அப்ப இத நிப்பாட்டிட்டு அதக் குடிக்கலாமா?”

எத்தனையோ கேள்விக்கு எனக்கு எங்கள் நிறுவனம் பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இதற்கு இல்லை. எனக்குத் தெரிந்ததை யோசித்துப் பார்த்தேன். குப்பியில் இருப்பது சுத்தம் செய்த நீர்தான். கடையில் விற்கும் தண்ணீர்ப் போத்தலிலும் அதே சுண்ணாம்பு உப்பை ருசிக்குக் கொஞ்சம் கலக்கிறார்கள். அப்படியே குடித்தால் வயிறு எரியும். கலந்து குடித்தால் ஒன்றும் செய்யாது. மனித எலும்புக்கு வெளிச்சம் வேண்டாம். ஒரு நாள் சாப்பாடு தவறினாலும் சாகாது.

“எல்லாமே எலும்புக்குப் போகாதுக்கா” என்றேன். “பாதிக்கு மேல வெளியேறிரும். தங்குறது கொஞ்சம்தான்.”

“கொஞ்சம் தங்குமா, தங்காதா?”

“தங்கும்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நீங்க இருக்கிறவரைக்கும் கொஞ்சமாவது இருக்கும்.”

“போதும்” என்றார்.

அண்ணாச்சி தகர டப்பாவைக் காட்டி, “இது?” என்று கேட்டார்.

“அது வேண்டாம் அண்ணாச்சி, ஜிப்சம் கலந்தது. குப்பி மட்டும். ஒரு டம்ளருக்குப் பத்துச் சொட்டு, காலையில ஒரு தடவை. அதுக்கு மேல போகாதீங்க.”

என் வாயிலிருந்து அளவு அவ்வளவு சரளமாக வந்தது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. தொட்டிக்குச் சொல்கிற அதே தொனியில் சொல்லியிருந்தேன்.

அக்கா அடுப்படிக்குப் போனார். போகும்போது திரும்பி, “தங்கச்சி வீட்டுல, அண்ணன் வீட்டுல எல்லாம் காளானப் பத்தி ஒண்ணும் சொல்லிராதீங்க. அவங்க வச்சிருக்கட்டும்” என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி அந்தச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “ரொம்ப நாளாச்சு, அவ அங்க போயி” என்றார்.

மூன்று எவர்சில்வர் டம்ளரில் மோர் கரைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். குப்பியை அண்ணாச்சி திறந்தார். சொட்டு விடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். பத்து எண்ணி ஒன்றில் விட்டேன். பத்து எண்ணி இன்னொன்றில் விட்டேன். மூன்றாவது டம்ளரை அக்கா தன் கையால் மூடிக்கொண்டார்.

“உங்களுக்கு வெறும் மோருதான் தம்பி” என்று என்னிடம் நீட்டினார்.

இருவரும் குடிக்கத் தொடங்கியபின் நானும் குடித்தேன். மோரில் உப்பு போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை.